சாயல் இண்டெக்ஸ்

புன்னைத்துறையில் பிள்ளை பிறப்பது நின்றுபோன வருஷத்தில் ஊர் அதற்காக ஒன்றும் மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிடவில்லை. கடற்கரை ஊர், வராதவர்களுக்காகக் காத்திருந்து பழகிய ஜனம். மாதம் தாண்டிய பெண்கள் வீட்டுக்கு ஒருத்தியாகத் தொடங்கித் தெரு நிறைய ஆனபோது பஸ் கண்டக்டர் அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சீட்டாக ஒதுக்கினார், கோயிலில் முன்பக்கத்து பெஞ்சுகளை இடைவெளி விட்டுத் தள்ளிப் போட்டார்கள், வளையல்காரர் தினம் தினம் அலைவானேன் என்று உள்ளூரிலேயே வீடு பார்த்துக் குடிவந்துவிட்டார். ஏழாம் மாதம் போட்ட வளையல் போதாதென்று மறுபடி ஒரு வளைகாப்பு, அதுவும் போதாதென்று அதற்கு மேலே ஒரு வளைகாப்பு என்று, மணிக்கட்டில் ஆரம்பித்த வளையல் முழங்கை ஏறித் தோள்பட்டை வரைக்கும் போயிருந்தது. அந்தப் பெண்கள் கூட்டமாக மீன் ஏலத்துக்கு வந்தால் எழுகிற கலகலப்பில் ஏலக்காரரின் குரல் யாருக்கும் கேட்காது, விலை தெரியாமலே மீன் கைமாறும்.

அவர்களில் ஒருத்தி பிரகாசி. பெர்னதெத்தின் நாத்தனார். பிரகாசிக்கு வளையல் தோளைத் தொட்ட அன்று எல்லோரும் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, பெர்னதெத் மட்டும் இலையைத் தொடவில்லை. பிள்ளைகள் ஏன் பிறக்கவில்லை என்பது ஊரிலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். காரணம் அவள் கையால் செய்து வைத்தது.

மீன் ஏலக்கூடத்து மாடியில் ஊர்க் கமிட்டி நடத்துகிற பதிவு நிலையம் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது பெர்னதெத்தின் வேலை. ஊரில் யார் பிறந்தாலும், யாரை யார் கட்டிக்கொண்டாலும், எந்தப் படகில் எவன் ஏறினாலும் டேபிள் என்று அவர்கள் சொல்கிற, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பெரிய பட்டியலில் அது ஏற வேண்டும். ஆளுக்கு ஒரு வரி, அந்த வரியில் அவன் பெயர், வீடு, படகு, குரல், முகம், கடைசியாகச் சொன்ன வார்த்தை எல்லாம். எப்போதிலிருந்து என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் புன்னைத்துறையில் ஒரு காரியம் நடப்பதும் அது டேபிளில் ஏறுவதும் ஒன்றேயாகிவிட்டிருந்தது. ஏறாத காரியம் நடக்காது. அதில் யாருக்கும் அதிசயம் தோன்றவில்லை, அலைக்கு உப்பு எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டார்கள்.

எல்லாம் அந்தப் புயலுக்குப் பிறகு வந்த வினை. சவேரியார் திருநாளுக்கு முந்தின வாரம் போன படகுகளில் பாதி திரும்பவில்லை. பெர்னதெத்தின் புருஷன் கித்தேரியானும் திரும்பவில்லை. அந்த ஊரில் உடல் கரை ஒதுங்காதவனை இறந்தவன் என்று சொல்லமாட்டார்கள். அவனுக்குப் பூசை கிடையாது, பெண்டாட்டி தாலியைக் கழற்றமாட்டாள், அவன் சாப்பிடுகிற தட்டில் இன்னொருத்தருக்குச் சோறு போடமாட்டார்கள். பெர்னதெத் படித்த படிப்புப்படி, அன்றாடம் புழங்காத வரிகளைத் தனியாக ஒரு டேபிளுக்கு மாற்றிவிட வேண்டும், அப்போதுதான் பெரிய டேபிள் கனக்காமல் இருக்கும். கமிட்டித் தலைவர் மச்சாது அதற்குத் தலையாட்டிவிட்டார். சேதி கேள்விப்பட்டுத் தாய்மார்கள் மாடியேறி வந்தார்கள், முன்னால் வந்தவள் கித்தேரியானைப் பெற்ற இஞ்ஞாசியம்மாள்.

"தனி டேபிள்னா என்னட்டி அது?" என்றாள் மருமகளைப் பார்த்து.

"இப்ப ஊர்ல இல்லாதவியள மட்டும் வேற எடத்துல வைக்கது மாமி. யாரையும் அழிக்க மாட்டோம்."

"அந்த மாதிரி எடம் கோயிலுக்குப் பின்னால ஏற்கனவே ஒண்ணு இருக்கு. சுத்திச் சுவரு கட்டி, சிலுவ நட்டு. எம்புள்ள அங்க இல்ல. அவன் எனக்குக் கீழ, ஒனக்குப் பக்கத்துல, தங்கச்சிக்கு மேல, எங்க இருந்தானோ அங்கதான் இருக்கணும். நகத்துன, ஒங்கம்மா வீட்டுக்குப் போயிரு."

பெர்னதெத் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலைக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது, இந்தக் கதைக்கும் அவசியமிருந்திருக்காது. ஆனால் தனக்குப் பக்கத்து வரியில் கித்தேரி இருப்பது அவளுக்கும் வேண்டியிருந்தது. கல்யாணமாகி முழுசாக ஒரு மழைக்காலம்கூட ஆகாத பெண்ணிடம் நியாயத்தை எதிர்பார்ப்பது அநியாயம். அவள் யாரையும் நகர்த்தவில்லை.

அதன் பிறகு தாய்மார்கள் தினமும் வந்தார்கள். எம்பிள்ளையைப் பார்த்துச் சொல் என்பார்கள். கம்ப்யூட்டர் டேபிளின் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒவ்வொரு வரியாகப் புரட்டித் தேடும், திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், தாய்மார்கள் காலையில் வைத்த கண் வாங்காமல் மத்தியானம் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், மயக்கம் போட்டு விழுவார்கள். பொறுக்கமாட்டாமல் பெர்னதெத் ஒரு இண்டெக்ஸ் போட்டாள்.

இண்டெக்ஸ் பெரிய மந்திரமில்லை. டேபிளில் ஆட்கள் வந்த வாக்கில் கிடப்பார்கள். இண்டெக்ஸில் ஏதாவது ஒரு முறைப்படி வரிசை கட்டி நிற்பார்கள், அதனால் தேடினால் நேராக அந்த இடத்துக்கே போய்விடலாம். பெர்னதெத் சாயல்படி நிறுத்தினாள். புன்னைத்துறையில் ஒரு மனுஷனை அடையாளம் சொல்வதே அப்படித்தான், இவன் மூக்கு அவன் சித்தப்பன் மூக்கு, இவள் நெற்றி அவள் ஆத்தா நெற்றி என்று. முகத்துக்கு அடுத்த முகம் எதுவோ அது பக்கத்தில். தேடுகிறவர்கள் டேபிள் வரைக்கும் போய் அலைய வேண்டாமென்று அவரவர் குரலையும் நடையையும் கடைசி வார்த்தையையும் இண்டெக்ஸுக்குள்ளேயே ஒரு பிரதி எடுத்து வைத்தாள். தாய் கேமரா முன்னால் உட்கார்ந்தால் போதும், அவள் முகத்துக்குப் பக்கத்து முகம் எதுவோ அது கிடைத்துவிடும். பெண்டாட்டிகள் கல்யாணப் போட்டோவைக் காட்ட வேண்டும்.

முதலில் மாமிதான் உட்கார்ந்தாள். பெர்னதெத் பட்டனைத் தட்டினாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் கித்தேரி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான், நீலச் சட்டை, இடுப்பில் துண்டு, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "கெழக்க கருக்குது. கஞ்சிய மூடி வையி. பொழுது அடையதுக்குள்ள வந்துருதேன்" என்றான். அன்றைக்கு வாசலைத் தாண்டும்போது சொன்ன அதே வார்த்தைகள்.

"சரிப்பா" என்றாள் மாமி. அவன் அங்கே இல்லை. தரையில் உப்புத்தண்ணீர் கிடந்தது, மாமி அதைத் தன் சேலை முந்தானையால் துடைத்தாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தேவைப்படவில்லை. மாடியிலிருந்து ஒழுகுகிற தண்ணீரால் ஐஸ் கரைகிறது என்று ஏலக்காரர் சத்தம் போட்டார், கமிட்டி சாக்கு விரித்து மணல் கொட்டியது. காலையில் தாய்மார், மத்தியானத்துக்கு மேல் பெண்டாட்டிமார் என்று முறை வைத்தார்கள். மீன் விற்கப் போகிற பெண்கள் கூடையைப் படிக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு, மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னும் முடி வெட்டாமல் திரிகிறானே என்று குறைபட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒருத்தி மகனுக்குப் பெண் பார்த்து, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். சாமியார் இது சரியா தப்பா என்று பிரசங்கம் வைக்கத்தான் எழுந்தார், எதிரே உட்கார்ந்திருந்த தாய்மார்களின் முகத்தைப் பார்த்ததும் பேச்சைக் கானாவூர் கல்யாணத்தில் ஏசு தண்ணீரை ரசமாக்கிய கதைக்குத் திருப்பிவிட்டார்.

அப்படிக் கூப்பிட்டு வந்தவர்கள் இண்டெக்ஸில் எழுதி வைத்திருந்ததை மட்டும் சொன்னார்கள். ஒருவன் டீசல் கேன் எங்கே என்பான், ஒருவன் பாதிப் பாட்டில் நிறுத்துவான். கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற ஆண்பிள்ளை கரையிலேயே எத்தனை பேர் இருக்கிறார்கள்.

பிறகு ஆளாளுக்கு இண்டெக்ஸ் கேட்டார்கள். கடலில் யாரையும் பறிகொடுக்காதவர்களுக்கும் தேடுவதற்கு ஏதாவது இருக்கத்தான் செய்கிறது. பட்டப்பெயரை வைத்துத் தேட ஒன்று, காலடிச் சத்தத்தை வைத்துத் தேட ஒன்று, தன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யார் யார் என்று தேட ஒன்று, தொலைந்த பொருள் கடைசியாக யார் கையில் இருந்தது என்று தேட ஒன்று. பெர்னதெத் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். ஊரில் எதுவும் தொலையவில்லை, மறந்துபோனது என்று யாரும் தலையைச் சொறியவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். பெர்னதெத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அவளும் பூரித்துப் போனாள், பாவம்.

தேடுவதற்குச் சுலபமாக அடுக்கிய அலமாரியில் புதிதாக ஒரு டப்பாவை நுழைக்க வேண்டுமென்றால் எல்லாத் தட்டையும் நகர்த்த வேண்டும். அது அவளுக்குத் தெரியாததில்லை. ஒரு புது வரி டேபிளில் ஏற வேண்டுமென்றால் அத்தனை இண்டெக்ஸும் ஒவ்வொன்றாக அதற்கு இடம் பண்ணிக் கொடுத்த பிறகுதான் ஏறும். முதலில் தயிர் உறையவில்லை. தோசை மாவு புளிக்கவில்லை. புதுவீட்டுச் சுவரில் பூசிய சிமெண்ட் மாதக்கணக்கில் ஈரமாகவே நின்றது. காலையில் ஆரம்பித்த சண்டைக்குச் சாயங்காலம்தான் கோபம் வந்தது, அதற்குள் சண்டைக்காரர்கள் கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊர் இதையெல்லாம் பார்த்துச் சிரித்தது. அப்புறம்தான் பிள்ளைகள் நின்றுபோயின.

பிரகாசிக்கு வலி வரும். எஸ்தர் நர்ஸ் வெந்நீரும் துணியுமாக ஓடிவருவாள். தலை வாசலுக்கு வந்து நிற்கும், முடிகூடத் தெரியும், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வலி அப்படியே வடிந்துவிடும். பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கத்தி வைத்தால் காயம் விழவில்லை, புதுக்காயமும் புது விஷயம்தானே, அதுவும் ஏறிய பிறகுதான் விழும். டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். பிரகாசியைத் திரும்பக் கூட்டி வந்தார்கள், வருகிற வழியெல்லாம் வளையல் குலுங்கிக்கொண்டே வந்தது.

அவள் கால் பெருத்துவிட்டது, கண் மங்கிவிட்டது. மஸ்கட்டிலிருந்து புருஷன் போன் பண்ணினால் பேச மூச்சில்லை. "மதினி, உள்ள இருக்கது அசையது கொறஞ்சிட்டு" என்றாள் ஒருநாள் பெர்னதெத்தின் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து. "நீங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது செய்யுங்களேன். நீங்க செஞ்சா நடக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ."

அந்த வாரம் வடக்குத் தெருவில் ஒரு பெண் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனாள். அடக்கத்துக்கு வந்த மச்சாது கல்லறைத் தோட்டத்து வாசலில் பெர்னதெத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எதுவுமே ஏறலன்னா சாவு மட்டும் எப்பிடிம்மா ஏறுது?"

"சாவ எழுதுகது சுளுவு ஐயா. இருக்க வரியில ஒரு அடையாளம் போட்டா போதும், சுத்தம் பண்ணுகத பொறவு பாத்துக்கிடலாம். பொறக்கதுக்குத்தான் எல்லாரும் எடம் குடுக்கணும்."

சொல்லிவிட்டு அவள் அங்கேயே அழுதாள். மச்சாது வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துரு, எல்லாத்தையும் எடுத்துரு" என்றார்.

அவள் எடுத்தாள். பட்டப்பெயரை எடுத்தாள், காலடிச் சத்தத்தை எடுத்தாள், மன்னிப்பு கேட்க வேண்டியவர்களை எடுத்தபோது ஒரு வாத்தியார் வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று ஏசினார், கேட்டுக்கொண்டே எடுத்தாள். தயிர் உறைந்தது. சிமெண்ட் காய்ந்தது. முகமில்லாததெல்லாம் நகர ஆரம்பித்தது, முகமுள்ளது எதுவும் நகரவில்லை. ஊரில் உள்ள முகங்களுக்கும் கடலில் போன முகங்களுக்கும் நடுவே தனக்கு எந்த இடம் என்று தெரியாமல் பிள்ளைகள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. சாயல் இண்டெக்ஸ் ஒன்றுதான் மிச்சம்.

வலைக்கூடத்தில் ஊர் கூடியது.

"அதை எடுத்தா அவிய வரமாட்டாவளா?" என்றாள் ஒரு தாய்.

"இருப்பாவ. டேபிள்ல அப்பிடியே இருப்பாவ. கூப்பிட்டா வரதுக்கு வழிதான் இருக்காது" என்றாள் பெர்னதெத்.

"அன்னைக்குச் சொன்னேல்லா, தனியா ஒரு டேபிள். அத இப்பப் போடு. நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம்."

"இப்ப முடியாது. அங்க கொண்டு வைக்கணும்னாலும் புதுசா எழுதணும். மொகம் உள்ளத எழுதுகதுதான் நின்னுபோச்சே."

மாதம் தாண்டிய பெண்கள் ஒரு பக்கம், கடலில் விட்டவர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், பல வீட்டில் இரண்டும் ஒரே வீடு. இஞ்ஞாசியம்மாள் எழுந்து நேராக ஏலக்கூடத்துக்குப் போய், மாடிப்படியில் வலையை விரித்துப்போட்டு நடுவில் உட்கார்ந்தாள். இன்னும் சில தாய்மார்கள் அவளோடு போய் உட்கார்ந்தார்கள். பெர்னதெத் அவர்களைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

மாமியைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னால் நாக்கு அழுகும். மத்தியானமானால் வீட்டுக்கு வந்து மகளின் காலில் எண்ணெய் தேய்த்துவிடுவாள், தலையைத் தூக்கிக் கஞ்சி புகட்டுவாள், நெற்றியில் சிலுவை போடுவாள், மறுபடியும் போய்ப் படியில் உட்காருவாள். "பொறக்காம எந்தப் புள்ள வயித்துலயே இருந்திருக்கு? வரும். கொஞ்சம் பொறுத்தா ரெண்டும் இருக்கும்" என்பாள். பெர்னதெத் அவளோடு சண்டை போடவில்லை. மாமி படியில் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற நிம்மதி அவளுக்குள்ளும் இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை. மத்தியான முறையில், பார்க்க மட்டும்தான் என்று சொல்லி, தாய்மார் அவளுக்கு வழிவிடுவார்கள், அவள் கல்யாணப் போட்டோவை எடுத்துக்கொண்டு போவாள், கித்தேரி வந்து கஞ்சியை மூடி வைக்கச் சொல்வான், அவள் மூடி வைக்கிறேன் என்பாள்.

பிரகாசிக்கு ஜன்னி கண்ட அன்று காலையில் எஸ்தர் நர்ஸ் பெர்னதெத்தையும் கூட்டிக்கொண்டு படிக்கட்டுக்கே வந்துவிட்டாள். "இஞ்ஞாசிக்கா, வாயில நொர தள்ளிருச்சு. இன்னைக்குச் சாயங்காலம் தாண்டாது. ரெண்டு உசிரும் போயிரும். நான் கையெடுத்துக் கும்புடுதேன்."

மாமி எழுந்தாள். வலையைத் தாண்டி மேலே போய்க் கேமரா முன்னால் உட்கார்ந்தாள். "கூப்புடு" என்றாள் பின்னால் வந்த பெர்னதெத்திடம்.

கித்தேரி வந்து நின்றான்.

"லேய், ஒன் தங்கச்சி சாவக் கெடக்கா" என்றாள் மாமி.

"கெழக்க கருக்குது. கஞ்சிய மூடி வையி. பொழுது அடையதுக்குள்ள வந்துருதேன்."

"இன்னொருக்கக் கூப்புடு."

வந்தான்.

"தம்பி, நீ தோள்ல தூக்கிக்கிட்டு சப்பரம் பாக்கப் போவியே, அந்தப் பிரகாசிடா. அவ சாவப்போறாடா. அம்மா என்னப்பா செய்யணும்? நீ சொல்லு. நீ சொன்னபடி செய்யுதேன்."

"கெழக்க கருக்குது. கஞ்சிய மூடி வையி."

மாமி அவன் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள், எட்டுவதற்குள் அவன் இல்லை. கையில் உப்புத்தண்ணீர் மட்டும் பட்டது. அதை வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக எழுந்து, "நான் வீட்டுக்குப் போறேன். நான் போய்ச் சேந்த பொறவு செய்யி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தாய்மார்கள் அவளைப் பார்த்தார்கள், ஒருத்தி வலையைச் சுருட்டத் தொடங்கினாள், மற்றவர்கள் நுனியைப் பிடித்துக்கொடுத்தார்கள்.

மாமி தெருமுனை திரும்புகிறவரை பெர்னதெத் ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். கூப்பிடாமல் செய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள், கூப்பிட்டால் கை வராது என்று அவளுக்குத் தெரியும். அவளால் முடியவில்லை. போட்டோவைக் காட்டினாள். கித்தேரி வந்து நின்றான், ஈரமாக, அவசரமாக, ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கிற மாதிரி. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரலைப் பட்டனில் வைத்தாள்.

"கெழக்க கருக்குது. கஞ்சிய மூடி வையி. பொழுது" என்றான் கித்தேரி.

பட்டன் உள்ளே போயிருந்தது, அவன் நின்ற இடத்தில் தண்ணீர்தான் கிடந்தது. மீதி வார்த்தையை அவள்தான் சொல்லி முடித்தாள்.

அதற்குள் ஊரெங்கும் அழுகைச் சத்தம் கிளம்பிவிட்டது. அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் பிள்ளைகள் வந்தன, ஏலத்துக்கு வந்த இடத்தில் ஒருத்திக்கு, பஸ்ஸில் ஒருத்திக்கு, கோயில் பெஞ்சில் ஒருத்திக்கு. எஸ்தர் நர்ஸ் தெருவில் நின்று யார் வீட்டுக்குள் நுழைவது என்று தெரியாமல் சுற்றினாள். வெந்நீருக்கு அடுப்புப் போதவில்லை, ஆண்கள் டீக்கடைக் கொதிகலனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை வளையல்களைப் பெண்கள் தரையில் அடித்து உடைத்தார்கள். சாமியார் மணி அடிக்கச் சொன்னார், மணியடிக்கிற கோயில்பிள்ளை தன் வீட்டுக்கு ஓடிவிட்டதால் அவரே போய் அடித்தார்.

பிரகாசிக்குப் பெண் பிறந்தது. பிரகாசி பிழைத்துக்கொண்டாள். பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி மாமியின் மடியில் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வழக்கம்போலச் சுற்றி நின்று யார் சாயல் என்று பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே நின்றார்கள், ஒருத்திக்கும் வாயில் ஒரு பெயர் வரவில்லை. பெர்னதெத்தும் குனிந்து பார்த்தாள். மூக்கு மூக்காக இருந்தது, நெற்றி நெற்றியாக இருந்தது. இண்டெக்ஸோடு சாயலும் போய்விட்டது, ஊரில் ஒரு முகத்தைப் பார்த்து இன்னொரு முகத்தை நினைக்க இனி யாராலும் முடியாது என்று அவளுக்கு அப்போது புரிந்தது. அவள் கித்தேரியின் மூக்கை நினைத்துப் பார்க்க முயன்றாள், போட்டோவில் இருந்தது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"அழிச்சிட்டியா அவன?" என்றாள் மாமி பிள்ளையைப் பார்த்தபடியே.

"இல்ல மாமி, சத்தியமா அழிக்கல. அவிய வரி எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. நேராப் போகதுக்கு வழிதான் இல்ல."

"வழி இல்லாட்டி, முன்ன எப்பிடித் தேடுவ?"

"மொதல்லருந்து ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே போவணும். கடைசி வரைக்கும்."

"பாத்துக்கிட்டே போனா கெடைச்சிருவானா?"

பெர்னதெத் தொழில் தெரிந்தவள். அழிக்காத வரி எங்கேயாவது இருந்தே தீரும், பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தால் கிடைத்தே தீரும் என்பது பாலபாடம். "கெடைக்கணும் மாமி" என்றாள். கம்ப்யூட்டரில் தேடத்தான் மாமி கேட்கிறாள் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் விடிந்ததும் மாமி தலையை வாரி முடிந்துகொண்டு, வெள்ளைச் சேலை உடுத்தி, கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலுள்ள முதல் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். "யம்மா, எம்புள்ள கித்தேரியான் இங்க இருக்கானா?" என்று கேட்டாள். அந்த வீட்டுக்காரி கைப்பிள்ளையோடு வந்து நின்று, விழித்து, அந்த ஊர் வழக்கப்படி, "இன்னும் வரலக்கா" என்றாள். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மாமி அடுத்த வீட்டுக்குப் போனாள். அப்படியே தெரு முழுக்கப் போனாள். முதலில் ஜனங்கள் பதறினார்கள், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள், மச்சாது போய்க் கையைப் பிடித்துக் கெஞ்சிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டது. மாமி வருகிற நேரத்துக்கு அந்தத் தெருவில் கதவுகளைத் திறந்து வைத்தார்கள், மோர் கலந்து வைத்தார்கள், எந்த வீட்டிலும் யாரும் சிரிக்கவில்லை. அவள் ஒரு வீட்டையும் தாண்டிப் போகவில்லை, பூட்டிய வீட்டுக்கு முன்னால் ஆள் வரும்வரை நின்றாள். பின்னாலேயே வேறு சில தாய்மார்களும் கிளம்பினார்கள், ஒருத்தி கேட்டுப் போன வாசலில் இன்னொருத்தி வந்து வேறு பெயரைச் சொல்லிக் கேட்டாள். இதற்கிடையே ஊரில் தடுத்துவைத்திருந்ததெல்லாம் நடக்க ஆரம்பித்திருந்தது, கல்யாணங்கள், தனிக்குடித்தனங்கள், புது வீடுகள். அவள் கேட்க வேண்டிய வீடுகள் கூடிக்கொண்டே போயின.

பெர்னதெத் அவளைத் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? முறைப்படி மாமி செய்வதில் ஒரு தப்பும் கிடையாது. சாயங்காலம் திரும்பி வந்து மாமி காலை நீட்டி உட்கார்ந்தால், அவள் வெந்நீர் வைத்துக் கொடுப்பாள், இன்றைக்கு எதுவரைக்கும் போனீர்கள் என்று கேட்பாள், மாமி சொல்வாள். இருவரும் பிரகாசியின் பிள்ளையைப் பற்றிப் பேசுவார்கள், பால் குடித்ததா, தூங்கியதா என்று.

ஒருநாள் காலையில் பெர்னதெத் பிரகாசியின் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கதவு திறந்துதான் இருந்தது. போய்ப் பார்த்தால் மாமி வெளியே நின்றாள், வாசற்படிக்குக் கீழே, சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அந்நிய வீட்டுக்கு வந்தவள் மாதிரி. அந்தத் தெருவின் முறை வந்திருந்தது.

"யம்மா, எம்புள்ள கித்தேரியான் இங்க இருக்கானா?"

ஊர் முழுக்கச் சொன்ன பதிலைத்தான் பெர்னதெத்தும் சொல்ல வாயெடுத்தாள். மாமியின் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை, ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு முகத்தையும் இப்படித்தான் பார்த்திருப்பாள், இதிலாவது இருக்குமா என்று. பெர்னதெத் தட்டுவதை நிறுத்தினாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல மாமி" என்றாள். "இங்க இல்ல. அவிய செத்துப்போனாவ."

அந்த வார்த்தையை அந்த ஊரில் கடலில் போன யாரைப் பற்றியும் யாரும் சொல்லியதில்லை. சொன்னவுடன் அவள் கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. மாமி கையை நீட்டிப் பிள்ளையின் தலையைத் துடைத்துவிட்டாள்.

"சரிம்மா" என்றாள். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.